பதினான்கு வளைவுகளும் ஒரு பிரேக் கட்டையும்



உங்களில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்... ஒருவரும் தூக்கவில்லையே! தெரியாதவர்களும் தூக்க மாட்டீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். எனக்கு இது கூடவா தெரியாது?

சரி, அடுத்த கேள்வி. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும்போது எது கஷ்டம்? ஏறுவதா, இறங்குவதா?

"ஏறுவதுதான் சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வீர்கள். இருபது வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தப்பு என்று எனக்குப் பாடம் நடத்தியது யார் தெரியுமா? விரல் நீளம் கூட இல்லாத ஒரு ரப்பர் துண்டு! அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஆற்றை எதிர்த்து ஒரு பயணம்

எனக்கு ஊர் வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரி. ஒரு பக்கம் பாறை மலை, மறுபக்கம் பாலாறு, நடுவில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. 1979-ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். நானும் என் அறை நண்பனும் ஒரு திட்டம் போட்டோம். சத்துவாச்சாரியில் இருந்து சைக்கிளிலேயே ஏலகிரி மலைக்குப் போக வேண்டும். தூரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதன் கடைசிப் பகுதிதான் மலைப்பாதை. அதில் 14 கொண்டை ஊசி வளைவுகள்!

கொண்டை ஊசி வளைவு என்றால் என்ன? உங்கள் பாட்டி கொண்டையில் செருகும் ஊசியைப் பாருங்கள். போன கம்பி அப்படியே வளைந்து திரும்பி வரும். செங்குத்தான மலையில் நேராகச் சாலை போட்டால் வண்டி ஏறாது. அதனால் சாலையை இப்படி மடித்து மடித்துப் போடுகிறார்கள். தூரம் கூடும், சரிவு குறையும்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். இருவருடையதும் கறுப்பு நிற, கியர் இல்லாத, ராடு பிரேக் வைத்த பழைய சைக்கிள்கள். கேரியரில் ஆளுக்கொரு துணிப்பை. அதில் புளிசாதப் பொட்டலம், பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான்.

கோணவட்டம், பொய்கை, பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி... இதுதான் வழி. வரைபடத்தை எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள். இந்த ஊர்கள் எல்லாம் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. போகும்போது இடது பக்கம் தூரத்தில் ஜவ்வாது மலை. வலது பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய மலைகள். நடுவே ஆறு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சாலை சமதரையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மணிக்கணக்காக மிதித்தால் தொடை வலிக்கிறது. ஏன்? ஆறு எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று யோசியுங்கள். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டுக்குள் வந்து, கிழக்கே வங்கக் கடலில் சேருகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில். நாங்கள் போனதோ மேற்கே! ஆறு இறங்கி வருகிற பக்கத்துக்கு நேர் எதிராகப் போனால், தெரியாமலே மேடு ஏறுகிறோம் என்று அர்த்தம். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 220 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டைப் பக்கம் போனால் சுமார் 400 மீட்டர். மலை அடிவாரம் போய்ச் சேருவதற்குள்ளேயே ஒரு சின்ன மலை ஏறிவிடுகிறோம்!

மணல் ஆறு

"பாலாற்றில் தண்ணீரே இல்லையே சார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். பெரும்பாலான நாட்களில் அது மணல் ஆறுதான். மழை பெய்தால் மட்டும் ஓடும். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை அடித்துப் போட்டது. பலர் உயிரிழந்தார்கள். 2021 நவம்பரிலும் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஆம்பூரை நெருங்கினால் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை வரும். இந்தத் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் கழிவு நீர் ஆற்றிலும் நிலத்திலும் கலந்ததால் கிணறுகள் கெட்டுப் போயின. மக்கள் வழக்குப் போட்டார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. கெடுத்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். பேருந்தில் போனால் இதெல்லாம் பத்து நிமிஷத்தில் பின்னால் போய்விடும். சைக்கிளில் போனால் ஊரின் வாடை, மண்ணின் நிறம், கிணற்றின் ஆழம் எல்லாம் தெரியும்.

பல்சக்கரக் கணக்கு

ஆம்பூரில் இட்லி சாப்பிட்டோம். பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு அடிவாரத்துப் பொன்னேரி வந்து சேர்ந்தோம். புளிசாதத்தை முடித்துவிட்டு மலை ஏறத் தொடங்கினோம்.

முதல் வளைவு வரை வீரமாக மிதித்தோம். இரண்டாவது வளைவில் எழுந்து நின்று மிதித்தோம். மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினோம்! ஏன் முடியவில்லை? எங்களுக்குப் பலம் இல்லையா? பலம் இருந்தது. கியர் இல்லை. அவ்வளவுதான்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். சாதாரண சைக்கிளில் பெடலோடு இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்தில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 44-ஐ 18-ஆல் வகுத்தால் சுமார் 2.4. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.4 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் வண்டி ஓடும். சமதரையில் இது அருமை! மலையிலோ, ஒரே மிதியில் உங்களையும் வண்டியையும் அவ்வளவு தூரம் மேட்டில் தூக்க வேண்டும். கால் கெஞ்சாதா?

மலை சைக்கிளில் மிகச் சிறிய கியருக்கு வந்தால், முன்னே 22 பற்கள், பின்னே 34 பற்கள் என்பது போல இருக்கும். 22-ஐ 34-ஆல் வகுத்தால் சுமார் 0.65. சக்கரச் சுற்றளவு 2 மீட்டர் என்றால், ஒரு மிதிக்கு 1.3 மீட்டர்தான் நகரும். மிதிப்பது நான்கு மடங்கு லேசு. ஆனால் நான்கு மடங்கு அதிகம் மிதிக்க வேண்டும். இயற்கையின் கடையில் ஓசியில் எதுவும் கிடைக்காது, பிள்ளைகளே! அதனால்தான் சொல்கிறேன்: மலை ஏறுவதற்கு முரட்டுப் பலம் வேண்டாம். சரியான பல்சக்கரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஒல்லிப் பையனும் ஏறலாம், சின்னப் பெண்ணும் ஏறலாம்.

ஒன்பதாவது வளைவு

எங்களிடம் பொறுமை மட்டும் இருந்தது. தள்ளினோம், உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம், மறுபடி தள்ளினோம். ஒவ்வொரு வளைவிலும் கீழே சமவெளி இன்னும் கொஞ்சம் விரிந்தது. வீடுகள் தீப்பெட்டி ஆயின. ஓரத்துச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன.

இன்று அந்த வளைவுகளுக்குப் பெயர்கள் உண்டு. வள்ளுவர், கம்பர், ஔவையார் போன்ற புலவர்களின் பெயர்களும், பாரி, ஓரி போன்ற வள்ளல்களின் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். போனால் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே ஏறுங்கள். தமிழ்ப் பாடமும் முடிந்துவிடும்!

ஒன்பதாவது வளைவில் மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. இன்னும் ஐந்தே வளைவு. என் நண்பன் சைக்கிளை நிறுத்தினான்.

"திரும்பிடலாம்டா. மேலே போய்ச் சேர்ந்தாலும் தங்க இடம் இல்லை. இருட்டுல இந்த மலையை இறங்க வேண்டாம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறதா? கோழை!" என்று கத்தினேன்.

அவன் கோபப்படவில்லை. "மலை எங்கேயும் போகாது. அடுத்த வருஷமும் இங்கேயேதான் இருக்கும்" என்றான்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

இறங்குவது சும்மாவா?

மிதிக்கவே வேண்டாம். காற்று காதில் விசிலடிக்கிறது. 'ஆஹா, இதுவல்லவோ சுகம்!' என்று நினைத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. பிரேக்கை இன்னும் அழுத்தமாகப் பிடித்தேன். அடுத்த வளைவு நெருங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம்! முன் பிரேக் கை தளர்ந்து ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டது. வண்டியின் வேகம் குறையவில்லை.

நேரே சுவர். சுவருக்கு அப்பால் பள்ளம்.

பின் பிரேக்கைப் பிடித்தபடி, மலையோரம் இருந்த மண்மேட்டில் வண்டியைச் சாய்த்தேன். கையும் முட்டியும் தேய்ந்து ரத்தம் வந்தது. வேறொன்றும் ஆகவில்லை. எதிரே ஒரு லாரி வந்திருந்தால்? ஒரு மணி நேரம் கழித்து, இருட்டில் நடந்திருந்தால்? மண்மேடு கண்ணுக்கே தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

என்னதான் நடந்தது? ரப்பர் பிரேக் கட்டை ஒரு தகரக் கூட்டுக்குள் இருக்கும். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். சக்கரம் சுழலும் திசையில் மூடிய முனை இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் இழுத்தாலும் கட்டை கூட்டுக்குள்ளேயே நிற்கும். முதல் நாள் சாயங்காலம் புதுக் கட்டை போட்டது நானேதான். அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டேன்! சமதரையில் மெதுவாகப் பிடித்தபோது தெரியவில்லை. மலை காட்டிக் கொடுத்துவிட்டது.

நண்பன் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டான். மீதித் தூரம் முழுக்க இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினோம். அன்று இரவு ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் படுத்தோம். மறுநாள் ரயிலில் சைக்கிள்களோடு காட்பாடி வந்து சேர்ந்தோம். 'கோழை' என்று சொன்னதற்கு ரயிலில் வைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வெப்பம் எங்கே போகும்?

ரப்பர் ஏன் கருகியது? இதற்கு அறிவியல் பாடத்தில் பதில் இருக்கிறது. மேலே ஏறும்போது நாம் செலவழிக்கும் உழைப்பு வீணாவதில்லை. அது நிலை ஆற்றலாகச் சேர்ந்திருக்கும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ, ஏறிய உயரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 x 9.8 x 600 = 3,52,800 ஜூல். இறங்கும்போது இந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றைக் கிழிப்பதில் போகும். மீதி பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறும். 3,52,800 ஜூல் என்பது ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம்! அதை அந்தச் சின்ன ரப்பர் கட்டைகள் தாங்க வேண்டும்.

மலை சைக்கிள் என்ற வண்டி பிறந்த கதையிலும் இதே வெப்பம் வருகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். 1970-களில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பக்கத்து மலையின் மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று போட்டியே வைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதையில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம்! பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அந்த வண்டிகளில் இருந்தது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் வண்டி ஓடும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை' என்று பெயர் வந்தது!

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் மலைப்பாதைக்கென்றே புதிய சைக்கிள் சட்டங்களைத் தயாரித்தார். கியர், நல்ல பிரேக், அகல டயர் என்று வண்டி வளர்ந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது. இன்று பல சைக்கிள்களில் சக்கரத்தின் நடுவே வட்டத் தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டிஸ்க் பிரேக். வெப்பம் டயர் பக்கம் போகாமல் அந்தத் தகட்டிலேயே ஏறி, காற்றில் ஆறிவிடும்.

அடுத்த வருஷம்...

1980-இல் நாங்கள் மறுபடி போனோம். இந்த முறை மேலே தங்க இடம் கேட்டு வைத்துக்கொண்டோம். பிரேக் கட்டைகளை நான் போட்டேன். நண்பன் சரிபார்த்தான். அவன் போட்டதை நான் சரிபார்த்தேன். பதினான்காவது வளைவைத் தாண்டியபோது பொழுது சாயவில்லை. அத்தனாவூர் பக்கம் பலாமர நிழலில் உட்கார்ந்து வாங்கிய காற்று இருக்கிறதே... அதை எழுத்தில் சொல்ல முடியாது!

மறுநாள் காலை வெளிச்சம் வந்த பிறகுதான் இறங்கினோம். இரண்டு வளைவுக்கு ஒரு முறை நின்றோம். கட்டையைத் தொட்டுப் பார்த்தோம். சூடு ஆறிய பிறகே மறுபடி ஏறினோம். ஏறியதை விட இறங்கியதில்தான் அன்று எனக்குப் பெருமை.

ஏலகிரி சின்னத் தம்பிதான். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. எல்லோருக்கும் பெரியண்ணன் இமயத்தில் இருக்கிறது. மணாலியில் இருந்து லே வரை 400 கிலோமீட்டருக்கு மேல். பியாஸ், சந்திரா, பாகா என்று ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே ஏறி இறங்கிக் கடைசியில் சிந்து நதிக் கரைக்குப் போகும் பாதை. 'காட்டா' என்ற இடத்தில் அடுத்தடுத்து 21 வளைவுகள். தாங்லாங் லா கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். சைக்கிளில் அந்த வழியே போகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களும் வழியில் தங்கித் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் போகிறார்கள். தலை சுற்றினால் கீழே இறங்கி வருகிறார்கள். அவர்களை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

நீங்கள் போவதானால்...

நாங்கள் போன காலத்து நெடுஞ்சாலை வேறு. இன்றைய நெடுஞ்சாலையில் லாரிகளும் பேருந்துகளும் பறக்கின்றன. அதில் நீங்கள் சைக்கிள் ஓட்டவே கூடாது. சைக்கிளை வண்டியில் ஏற்றி, பெரியவர்களோடு அடிவாரம் வரை போங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஊரில் உள்ள சின்ன மேட்டில் பழகுங்கள். இவற்றை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

* கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது.

* வேறொருவரை விட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நம் தவறு நம் கண்ணுக்குத் தெரியாது.

* தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள்.

* வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி வழுக்கும்.

* இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் குட்டிக்கரணம்தான்!

* சாலையின் இடது ஓரத்தை விடாதீர்கள். வளைவில் மணி அடியுங்கள்.

* குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பழத்தைப் பைக்குள் மூடி வையுங்கள்.

* பொழுது சாய்வதற்குள் கீழே இறங்க முடியுமா என்று ஏறும்போதே கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் திரும்பி விடுங்கள்.

கடைசி விதியைக் கடைப்பிடிப்பதுதான் மிகவும் கஷ்டம். இன்னும் ஐந்தே வளைவு என்று மனசு சொல்லும். கூட வந்தவர்கள் கேலி செய்வார்கள். அப்போது என் நண்பன் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: மலை எங்கேயும் போகாது!

சரி பிள்ளைகளே, இப்போதே எழுந்து போய் உங்கள் சைக்கிளின் பிரேக் கட்டையைப் பாருங்கள். தேய்ந்திருக்கிறதா? திருப்பிப் போட்டிருக்கிறதா? பார்த்துவிட்டு, அப்பாவையோ அம்மாவையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். இன்றைய வீட்டுப் பாடம் அவ்வளவுதான்!